சாவியும் நோட்டும் யார் கையில்: மேல்மலையில் பெண்கள் நடத்தும் ஒரு தங்கும் வீடு

கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீளும் ஊர்களை அந்தப் பக்கத்து மக்கள் மேல்மலை என்பார்கள். அந்த மேல்மலையில், சாலையிலிருந்து பிரிந்து கீழே இறங்கும் ஒரு சின்ன ஊரில், மகளிர் சுய உதவிக் குழு ஒன்று 2019 முதல் மூன்று அறைகள் உள்ள ஒரு தங்கும் வீட்டை நடத்திவருகிறது. ஊர் பெயரை எழுத வேண்டாம் என்று குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பெயர் வெளியே போனால் அடுத்த சனிக்கிழமை எத்தனை கார் வந்து நிற்கும் என்பதைப் பக்கத்து ஊர்களில் பார்த்துவிட்டார்கள். ஆட்களின் பெயரும் இதில் இல்லை.

கிராமப்புறச் சுற்றுலா பெண்களுக்கு வருமானம் தருகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வீட்டின் கதையைப் பார்த்தால், வருமானம் வந்தது ஒரு கட்டம், அந்த வருமானம் பெண்கள் கைக்கு வந்தது வேறொரு கட்டம் என்று தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. இந்த ஆய்வு அந்த இடைவெளியைப் பற்றியது.

ஊர்

மேல்மலையில் பூண்டுதான் பயிர். கூடவே உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி. படிப்படியாக வெட்டிய வயல்களில் நடவு, களை, அறுவடை, காய வைப்பது, கட்டுக் கட்டுவது என்று பெரும்பகுதி வேலை பெண்களுடையது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான முயற்சியில் கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் பங்கு உண்டு. பெயர் கிடைத்ததில் ஊருக்குப் பெருமைதான். ஆனால் பூண்டு விற்கும் வழி அப்படியே இருக்கிறது. விதைப்பூண்டு வாங்கக் கையில் காசு இருக்காது. கீழே மண்டியில் முன்பணம் வாங்குவார்கள். முன்பணம் வாங்கிய மண்டியிலேயே மூட்டையை இறக்க வேண்டும், அவர்கள் போடும் விலைதான் விலை. ஆண் கூலியில் பாதியைக் கொஞ்சம் தாண்டும் பெண் கூலி. நிலப்பட்டா அநேகமாகக் கணவர் பேரில்.

தொடக்கத்தில் குழுவில் 14 பேர். ஒன்பது பேர் ஊருக்குள், ஐந்து பேர் காலனியில். சேமிப்பும் உள்கடனுமாகப் பல வருடம் ஒழுங்காக நடந்த குழு. வங்கியில் நல்ல பேர் இருந்தது. அதனால்தான் இதெல்லாம் சாத்தியமானது.

ஒத்திக்கு ஒரு வீடு

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையையும் ஒரு புரட்டு புரட்டிவிட்டுப் போனது. மரங்கள் விழுந்து சாலை அடைபட்டது, கரண்டு போனது. அந்தச் சமயத்தில் நடுவழியில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தைக் குழுவின் தலைவி தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். கிளம்பும்போது அவர்கள் கொடுத்த காசை அவர் வாங்கவில்லை. ஆனால், “இந்த மாதிரி ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமான்னு தேடித்தான் ஊரெல்லாம் சுத்துறோம்” என்று அவர்கள் சொன்னது மனதில் தங்கிவிட்டது.

ஊரில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீடு இருந்தது. மண்சுவர், தகரக் கூரை, முன்னால் பூண்டு காயவைக்கும் அகலமான களம். உரிமையாளர் வத்தலக்குண்டில் குடியேறிவிட்டார். குழு அந்த வீட்டை ஐந்து வருட ஒத்திக்குப் பேசியது: நான்கு லட்சம் ரூபாய், மாத வாடகை கிடையாது, காலம் முடிந்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பணமும் திரும்ப வரும். வங்கி இணைப்புக் கடனில் அந்த நான்கு லட்சத்தைப் புரட்டினார்கள்.

இந்த முடிவை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். வாடகைக்கு எடுத்திருந்தால் மாதாமாதம் போன காசு போனதுதான். ஒத்தியில் கட்டுகிற தவணை குழுவுக்குச் சேமிப்பாக நிற்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊரில் நிலத்துக்குச் செய்வதை வீட்டுக்குச் செய்தார்கள், அவ்வளவுதான்.

கட்டில், மெத்தை, இரண்டு கழிப்பறை, ஊற்றிலிருந்து தள்ளி ஒரு கழிவுநீர்த் தொட்டி. 2019 ஏப்ரல் சீசனுக்கு வீடு தயார்.

அந்த ஒரு போன்

ஆட்களை யார் அழைத்துவருவது? ஊரில் ஒரே ஒரு திருப்பத்தில்தான் சிக்னல் கிடைக்கும். கொடைக்கானலில் ஜீப் ஓட்டும் ஒரு இளைஞர், தூரத்து உறவுக்காரர், “நான் பாத்துக்குறேன் அத்தை” என்றார். ஒரு அறைக்கு, இரண்டு பேருக்கு, இரவுச் சாப்பாடும் காலைப் பலகாரமும் சேர்த்து 1,400 ரூபாய் குழுவுக்குத் தருவதாகப் பேச்சு. நாள் தவறாமல் கொடுத்தும் வந்தார். பெண்களுக்கு அது நல்ல காசாகத்தான் தெரிந்தது.

அந்த வருடக் கடைசியில் மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா, அடுப்படியில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் கேட்டார்: “மூவாயிரத்து ஐந்நூறு குடுத்தோமே, அதுல உங்களுக்கு எம்புட்டு வருது?” சமைத்துக்கொண்டிருந்தவர் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரியே அது குழு முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாள் கூட்டத்தில் நடந்ததை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூன்று பேரும் ஒரே வாக்கியத்தை நினைவு வைத்திருந்தார்கள். குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்னது அது: “பூண்டுல என்ன நடக்குதோ அதேதான் ரூமுலயும் நடக்குது.” முன்பணம் கொடுத்து விலையைக் கையில் வைத்திருக்கும் மண்டியும், வாடிக்கையாளரைக் கையில் வைத்திருக்கும் ஜீப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உழைப்பு இங்கே, விலை பேசும் வாய் அங்கே. இதை எந்தப் பயிற்சி முகாமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

அந்த இளைஞரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அவருக்கும் டீசல் செலவு, அலைச்சல் இருக்கிறது. சரி, அவருக்கு ஒரு பங்கு கொடுக்கலாம். ஆனால் மொத்தம் எவ்வளவு என்று தெரிந்துதான் பங்கு பேச முடியும். அந்தப் பேச்சு முடிவதற்குள் 2020 மார்ச் வந்து எல்லாவற்றையும் பூட்டியது.

பொதுமுடக்கத்தில் வீடு மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. ரிசர்வ் வங்கி கொடுத்த ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு மூச்சுவிட உதவியது. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே போனது. நூறு நாள் வேலைக் கூலியிலும் பூண்டுக் காசிலும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கடனைக் கெடாமல் காப்பாற்றினார்கள். இந்தக் கட்டத்தில் குழு உடைந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உடையாததற்கு ஒரு காரணம்தான் எனக்குத் தெரிகிறது: யாரும் வயலை விட்டுவிட்டு விடுதிக்கு வந்திருக்கவில்லை. விடுதி நின்றபோதும் அடுப்பு எரிந்தது.

மறுபடி திறந்தபோது குழுப் பணத்தில் ஒரு போன் வாங்கினார்கள். போன் தனி ஆளுடையது கிடையாது. மாதம் ஒருவர் பொறுப்பு. பிளஸ் டூ முடித்த ஒரு மருமகள் வாட்ஸ்அப்பையும், ‘அறை காலி’, ‘அறை இல்லை’ என்று அனுப்ப வேண்டிய வாசகங்களையும் எல்லாருக்கும் பழக்கினார். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை பொறுப்பாளர் அந்தத் திருப்பத்தில் போய் நிற்பார், வந்த அழைப்புக்கெல்லாம் திருப்பிப் பேசுவார். போனோடு ஒரு நீள நோட்டும் போகும். தேதி, பெயர், எத்தனை பேர், முன்பணம். நோட்டில் ஏறாத புக்கிங் புக்கிங் கிடையாது.

பணம் வாங்குவதில் ஒரு சிக்கல் வந்தது. குழுவின் வங்கிக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் நடப்பது, அதில் போன் வழியாகப் பணம் கையாளும் வசதி கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் ஒருவரின் சொந்தக் கணக்குக்கு முன்பணம் வந்தது. உடனே முணுமுணுப்பு ஆரம்பித்தது. வங்கி மேலாளரிடம் நாலைந்து முறை நடந்து, பணம் வாங்க மட்டும் பயன்படும் கியூஆர் அட்டை ஒன்றைக் குழுக் கணக்குக்கே வாங்கினார்கள். எடுக்க வேண்டுமென்றால் பழையபடி இரண்டு கையெழுத்து. முணுமுணுப்பு அன்றோடு நின்றது.

ஜீப்காரர் இப்போதும் ஆள் அழைத்துவருகிறார். ஒரு அறைக்கு இவ்வளவு என்று பேசிய தொகை அவருக்குப் போகிறது. இணையத்தில் அறை பிடித்துக் கொடுக்கும் பெரிய தளம் ஒன்றில் சேரச் சொல்லியும் ஆள் வந்தது. கமிஷனும், புக்கிங்கை மறுத்தால் அபராதமும் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஒரு ராத்திரியின் காசு

இப்போது இரண்டு பேருக்குச் சாப்பாட்டோடு 2,000 ரூபாய். ஜீப்காரர் காலத்தில் வந்தவர்கள் கொடுத்த விலையைவிட 1,500 குறைவு, அதனால் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். நோட்டில் ஒரு அறையின் ஒரு இரவு இப்படிப் பிரிகிறது: கடன் தவணைக்கு 350, சமைக்கும் இருவருக்கு 500, கூட்டித் துடைத்துத் துணி துவைப்பவருக்கு 250, மளிகை காய்கறிக்கு 550, கேஸ் கரண்டுக்கு 150, குழு நிதிக்கு 200. மளிகைக் காசிலும் பால், முட்டை, காய், பூண்டு என்று 350 ஊருக்குள்ளேயே வாங்குவது. அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும்தான் கொடைக்கானலிலிருந்து. கூட்டிப் பார்த்தால் 2,000-இல் 1,300 ஊருக்குள் நிற்கிறது. மூன்று அறையும் நிரம்பும் நாளில் சமைப்பவருக்கு ஆளுக்கு 750 கிடைக்கிறது. இது அந்த ஊரில் பெண்ணாள் கூலியைவிட அதிகம். ஆனால் தினமும் நிரம்பாது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஒருவரும் வராத நாட்கள் உண்டு.

இந்தக் காசு எங்கே போனது என்று கேட்டபோது பிள்ளைகள் படிப்பு, அடகு நகை என்று எல்லாக் குழுவிலும் கேட்கும் பதில்கள் வந்தன. அவற்றோடு நான் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. குழு நிதியிலிருந்து விதைப்பூண்டுக்கு உள்கடன் கொடுக்கிறார்கள். அதை வாங்கிய வீடுகள் மண்டியில் முன்பணம் வாங்கவில்லை. முன்பணம் வாங்காததால் வடுகபட்டிச் சந்தையில் விலை விசாரித்து, பிடிக்காவிட்டால் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, அடுப்புக்கு மேலே பரணில் புகை படக் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருக்க முடிகிறது. விடுதி தந்த பெரிய லாபம் இதுதான் என்பது என் கணிப்பு. அறை வாடகைக் கணக்கில் இது தெரியாது.

யார் சமைப்பது

ஆரம்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சமையலுக்கு ஊர்ப் பெண்கள், கழுவித் துடைக்கக் காலனிப் பெண்கள். கூலி ஆளுக்கு ஒன்றுதான். அதனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். போன் வாங்கிய வருடத்தில், காலனியைச் சேர்ந்த ஒரு உறுப்பினர் மாதக் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: “கடன் பத்திரத்துல என் கையெழுத்து இருக்கு. அடுப்படிக்குள்ள மட்டும் நான் ஏன் வரக் கூடாது?”

அந்தக் கூட்டம் பாதியில் கலைந்தது. அடுத்த கூட்டமும். சில வீடுகளில் கணவன்மார் தலையிட்டார்கள். முடிவில் தலைவி எடுத்த நிலை எளிமையானது: பெயர்ப் பட்டியல் ஒன்று, அதன் வரிசைப்படி எல்லாரும் எல்லா வேலையும். ஒத்துவராதவர்கள் பங்கை வாங்கிக்கொண்டு விலகலாம். இரண்டு பேர் விலகினார்கள். ஒருவர் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தார், எதையும் பேசாமல் பட்டியலில் தன் முறைக்கு வந்து நின்றார். இன்னொருவர் வரவில்லை.

அதற்கப்புறம் ஒருமுறை போனில் ஒருவர், “அங்க யாரு சமைக்கிறது, எந்த ஆளுங்க?” என்று கேட்டாராம். அந்த மாதப் பொறுப்பாளர், “எங்க குழு சமைக்குது. ஒத்துவரலைன்னா வேற இடம் பாத்துக்குங்கய்யா” என்று சொல்லி வைத்துவிட்டார். இப்படிப் பதில் சொல்ல முடிந்ததே போன் அவர் கையில் இருந்ததால்தான். தரகர் கையில் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு வேறு பதில் போயிருக்கும்.

மற்றபடி சமையலறையில் பெரிய சிக்கல் இல்லை. முதலில் வந்தவர்கள் கேட்டார்கள் என்று ஃபிரைடு ரைஸ் செய்து பார்த்து விட்டுவிட்டார்கள். இப்போது பூண்டுக் குழம்பு, ரசம், பீன்ஸ் பொரியல், உருளைக்கிழங்கு பட்டாணிக் குருமா.

துணி காய்கிற பிரச்சினை

விடுதி நடத்துவதில் கஷ்டமான வேலை எது என்று கேட்டால் பதின்மூன்று பேரும் படுக்கை விரிப்பு என்றுதான் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வாசலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று நாளானாலும் துணி காயாது. பரணில் போட்டுக் காயவைத்தால் பூண்டு வாசனையும் புகையும் ஏறிவிடுகிறது. விரிப்பு ஜோடிகளை மூன்று மடங்காக்கினார்கள், அதுவும் போதவில்லை. கடைசியில் அந்த மாதங்களில் ஒரு புக்கிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாள் கட்டாயம் காலி என்று முடிவுசெய்தார்கள். வருமானம் குறையும், ஆனால் ஈரப் படுக்கை என்று ஒருவர் சொன்னால் பத்துப் பேர் வரமாட்டார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். ஊற்று ஊருக்குப் பொது. ஊரில் யாரும் குறை சொல்லக் கூடாது என்பதற்காக அறையில் ஷவர் வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் காலையில் வாசலுக்கு வரும். பாட்டில் தண்ணீர் விற்பதில்லை. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடையும், மீறினால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் 2024-இல் வந்தபோது இவர்கள் மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

காட்டுக்குள் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. கூட்டிப் போவதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்ததும், அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்ததும் இங்கே எல்லாருக்கும் தெரியும். வயல் வரப்போடு நடை, அவ்வளவுதான். இருட்டினால் அதுவும் கிடையாது, காட்டுமாடு வரும். குடிக்கும் கூட்டத்துக்கு இடம் இல்லை என்பதைப் போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். மீறிக் கொண்டுவந்தவர்களை முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பியதும் நடந்திருக்கிறது.

காகிதம்

உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உணவு வணிகப் பதிவு எளிதாகக் கிடைத்தது. அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் அது ஆகாது என்பதால் வெளிநாட்டவரை எடுப்பதில்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்ததும், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பு வந்ததும் ஊருக்குள் பயத்தைக் கிளப்பின. புக்கிங் உறுதியான உடனே இ-பாஸ் எடுக்கச் சொல்லித் தகவல் அனுப்பும் பழக்கம் அதிலிருந்து வந்தது. வார நாட்களுக்கு மாறிக்கொண்டவர்களும் உண்டு.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே வகைப்பாடு, ஆறு அறை வரை உள்ள, உரிமையாளர் குடும்பத்தோடு குடியிருக்கும் வீட்டுக்கு. ஒத்திக்கு எடுத்த வீட்டில், 13 பேரில் யார் உரிமையாளர்? 2025 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் என்றார்கள். அது தனிநபர் தொழிலை நினைத்து வகுத்தது. 2024-இல் ஒப்புதல் கிடைத்த பழங்குடி கிராம மேம்பாட்டுத் திட்டத்தில் 1,000 ஹோம்ஸ்டேக்கள் உண்டு: புதிதாகக் கட்டப் பழங்குடிக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, பழையதைச் சீர்செய்ய 3 லட்சம் வரை, கிராமப் பொதுத் தேவைக்கு 5 லட்சம். பழனிமலையின் பளியர் குடியிருப்புகளுக்கு இது பயன்பட வேண்டும், பயன்பட்டால் மிகவும் நல்லது. ஆனால் அங்கும் அறை குடும்பத்துக்குக் குடும்பம் தனிதான். பல பெண்கள் சேர்ந்து ஒரு கூரையை நடத்தும் அமைப்புக்கு எந்த விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை.

இதற்கு வேறு வழிகள் இருப்பதை நீலகிரிப் பக்கம் பார்க்கலாம். பில்லூர் அணை நீர்ப்பரப்பில் வனத்துறை நடத்தும் பரளிக்காடு சூழல் சுற்றுலாவில் இருளர் பெண்கள் சமைக்கிறார்கள், பரிசல் ஓட்டுவதும் உள்ளூர் ஆட்களே. துறை பின்னால் நிற்பதால் கூட்டம் கட்டுக்குள் இருக்கிறது, காடும் தப்பிக்கிறது. ஆனால் முன்பதிவு துறையின் கையில். கோத்தகிரியில் 2013-இல் தொடங்கிய ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம், தேனும் காபியும் விற்று 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசைப் பெற்றது. அங்கே பங்குதாரர்களே உரிமையாளர்கள். மேல்மலைக் குழு போன்றவர்களுக்கு அந்த வடிவம் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் ஆண்டுத் தணிக்கை, பதிவுச் செலவு எல்லாம் மூன்று அறை வருமானத்தில் தாங்காது. மேல்மலையில் இப்படி ஐந்தாறு வீடுகள் சேர்ந்தால் தாங்கும்.

ஒத்தி முடிந்தபோது

2024-இல் ஐந்து வருடம் முடிந்தது. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இப்போது மதிப்பு வந்துவிட்டது. உரிமையாளர் ஆறு லட்சம் கேட்டார். விலைக்கே வாங்கிக்கொள்ள வெளியூர்க்காரர் ஒருவரும் தயாராக இருந்தார். வீட்டுக்கு மதிப்பைக் கூட்டியது பெண்களின் உழைப்பு, அந்த மதிப்புக்கு விலை கொடுக்க வேண்டியதும் அதே பெண்கள். சமூகம் சார்ந்த சுற்றுலா பற்றிப் பேசுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சொந்த இடம் இல்லாத குழுவின் வெற்றி, அடுத்த ஒத்தியின் விலையில் போய்ச் சேருகிறது.

திரும்பி வந்த நான்கு லட்சத்தோடு குழு நிதியிலிருந்து இரண்டு லட்சம் சேர்த்து மூன்று வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். நான்காவது அறை போடச் சொல்லி வந்த யோசனையை வேண்டாம் என்று தீர்மானம் எழுதினார்கள். தண்ணீரும் துணியும் அதைத் தாங்காது, பூண்டு அறுவடைச் சமயத்தில் ஆளும் கிடைக்காது.

இந்த மூன்று வருடத்துக்குள் சொந்த இடம் தேட வேண்டும். உறுப்பினர்களில் கணவரை இழந்த ஒருவருக்கு மட்டும் தன் பேரில் பட்டாவோடு மூன்று சென்ட் இருக்கிறது. அதைக் குழுவுக்கு நீண்டகாலக் குத்தகைக்குத் தர அவர் சம்மதித்திருக்கிறார். தனக்குப் பின்னால் மகள் பேருக்கு அது போக வேண்டும் என்பதைப் பத்திரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார். மலைப்பகுதியில் கட்டட அனுமதிக்கு வருவாய், வனம், வேளாண்மை, கனிமவளம் என்று பல துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டும். போன் பொறுப்பைப் போலவே இதற்கும் பட்டியல் போட்டுவிட்டார்கள். இரண்டிரண்டு பேராகத் துறைக்கு ஒரு ஜோடி, போய்வந்த தேதியும் அங்கே சொன்ன பதிலும் அதே நீள நோட்டின் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன.